சங்கரி டீச்சர் கையெழுத்து

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எந்தக் காகிதம் வெளியே போனாலும் அது சங்கரியின் கையெழுத்தில்தான் போகும். ஆண்டு விழா அழைப்பின் உறை, செத்துப்போன வாட்ச்மேனுக்கு இரங்கல், விடுப்புக் கேட்டு எழுதத் தெரியாத பெற்றோருக்கு ஒரு மனு, எல்லாம் அவள் எழுதினதுதான். கோடு போடாத தாளிலும் வரி சாயாது. எழுத்துகள் தோளோடு தோள் நிற்கும்.

அந்தக் கை அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. பட்டுப் புடவைக்கு டிசைன் அட்டை குத்தும் பட்டறையில் வந்தது. பன்னிரண்டாவது முடித்ததும் அங்கே போய் உட்கார்ந்தவள் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தாள். கட்டம் போட்ட தாளில் வரைந்திருக்கும் மயிலைப் பார்த்து, தறியின் ஜக்கார்டு பெட்டியில் ஏறப்போகும் அட்டையில் துளை போட வேண்டும். ஒரு துளை பிசகினால் புடவை நெடுக மயிலுக்குக் கண் இருக்காது. ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் டிசைனின் பெயரும் எண்ணும் எழுத வேண்டும். பட்டறைக்காரர் பழைய பள்ளியில் படித்தவர். 'லை', 'னை' எல்லாம் பழைய மாதிரி, யானைத் துதிக்கை போல முன்னால் ஒரு சுழி வளைத்து, எழுத்தோடு ஒட்டித்தான் எழுதுவார். பார்த்துப் பார்த்துச் சங்கரிக்கும் அதுவே படிந்துவிட்டது.

தபாலில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிகத் தமிழாசிரியையாக இந்தப் பள்ளிக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. இப்போது நாற்பது. அவள் வேலையில் நீடிப்பாளா என்பதை ஒவ்வொரு ஜூனிலும் தலைமையாசிரியர் ராமலிங்கம் சொல்வார். சொல்லும்வரைக்கும் சங்கரி புதுச் செருப்புகூட வாங்க மாட்டாள்.

பெரிய வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு மேலேயிருந்து வரும் காகிதங்களில் ஒரு பெயர் உண்டு: மெல்ல மலரும் மாணவர்கள். யாரோ நல்ல மனசோடு யோசித்து வைத்த பெயர். அது பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் பையன்கள் அதைச் சுருக்கி 'மொட்டு' என்று ஆக்கிவிட்டார்கள். சங்கரி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், மணலில் உட்காரவைத்து, தினம் முதல் பீரியடுக்கு முன்பு நடத்தின வகுப்புக்கு மொட்டு கிளாஸ் என்று பெயர். அதில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து, "இன்னா மொட்டு, இன்னும் மலரலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் சைக்கிளைப் பூட்டுவார்கள். சங்கரி எழுந்து விரட்டுவாள். அடுத்த நாளும் கேட்பார்கள்.

அந்த வருஷம் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி துர்கா. பத்தாம் வகுப்பு, ஓரிக்கையிலிருந்து நடந்து வருகிறவள்.

படிக்கத் தெரியாமல் பத்தாவது வரைக்கும் வருவது எல்லாராலும் ஆகிற காரியமில்லை. துர்காவுக்கு அதற்கான திறமை இருந்தது. காதில் ஒருமுறை விழுந்தது அவளுக்கு மறக்காது. டீச்சர் பாடம் நடத்தினால் மறுநாள் வரி பிசகாமல் சொல்வாள். பலகையில் இருப்பதைக் கோலம் போடுகிற மாதிரி பார்த்து வரைந்துகொள்வாள், நோட்டு சுத்தமாக இருக்கும். புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் இருமல் வரும், கண்ணாடி கொண்டுவரவில்லை என்பாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. ஒன்பது வருஷம் யாரும் அதைக் கேட்கவில்லை.

சங்கரி கேட்டாள். முதல் நாள் ஒரு வரியைக் காட்டினாள். மனிதனுக்கு வேண்டியவை உணவும் உடையும் என்று அதில் இருந்தது. துர்கா 'உடை' என்பதை 'ஊடை' என்று படித்தாள். வேறு இடத்தில் 'பாவம்' என்பதைப் 'பாவு' என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், சங்கரி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா அர்ஜுனன் தறிக்காரர். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. துர்கா முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறாள், மிச்சத்தை வீட்டில் புழங்குகிற சொல்லால் நிரப்பிக்கொள்கிறாள். சங்கரிக்கு அது புரிய ஒரு நிமிஷம்தான் ஆனது. அந்தப் பெண் ஏன் முதல் எழுத்தோடு நின்றுவிடுகிறாள் என்பது புரிய ஒரு மாதம் ஆனது.

கொம்புதான் காரணம். எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு பின்னால்தான் ஒலிக்கும். மற்றப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் இதை யோசிக்காமல் விழுங்கிவிட்டிருந்தார்கள். துர்கா யோசித்தாள்.

"முன்னாடி வந்து நின்னுக்கினு பின்னாடி ஏன் டீச்சர் கேக்குது?" என்று கேட்டாள். "தறியில முதல்ல வர்ற இழை முதல்லதான விழும்."

சங்கரிக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பட்டறையில் கற்ற ஒன்று தெரியும்: கை எங்கே திணறுகிறதோ அங்கே வேலையை மாற்று, ஆளைத் திட்டாதே. பட்டறையிலிருந்து பிசகின அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். துளை விழுந்த கெட்டி அட்டைகள். அவற்றின் பின்பக்கம் தடித்த மார்க்கரில் ஒவ்வொரு சொல்லாக எழுதினாள். பழைய 'லை'யின் துதிக்கை அப்போது அவளுக்கு நினைவு வந்தது. எல்லாக் கொம்பையும் அதே மாதிரி, நடுவில் இடம் விடாமல், எழுத்தோடு ஒட்டி ஒரே இழுப்பில் எழுதினாள். கொம்பு தனியாகத் தெரியவில்லை. எழுத்துக்கே ஒரு காது முளைத்த மாதிரி இருந்தது.

துர்கா அதைப் படித்தாள். ஆகஸ்டில் சொல், அக்டோபரில் வரி. நவம்பரில் ஒரு நாள் முப்பது அட்டையை வரிசையாக அடுக்கி, ஒரு முழுக் கதையை, நரியும் கிணறும் வருகிற சின்னக் கதைதான், மூச்சு விடாமல் படித்து முடித்தாள். முடித்துவிட்டு அட்டைகளைத் தட்டிச் சீராக்கி, "இது மட்டும்தானா டீச்சர்? மீதி எங்க?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷப் பிழைப்பில் சங்கரியிடம் யாரும் மீதி கேட்டதில்லை என்று பள்ளிக்கூடத்து வேலையையும் அதற்கு முந்தின டியூஷன் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். அன்று சாயந்திரம் புதுச் செருப்பு வாங்கினாள்.

அட்டையிலிருந்து புத்தகத்துக்கு இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. ஒன்றிரண்டு முறை புத்தகத்தைத் திறந்தாள். துர்கா முகம் சுண்டிப்போவதைப் பார்த்து மூடிவிட்டாள். பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தன் எழுத்தைப் பார்த்து ஒரு பிள்ளை முகம் மலர்வதை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? சங்கரிக்கு வரவில்லை.

ராமலிங்கம் பொங்கல் வரைக்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. அவர் அறையில் வரிசையாக நான்கு வருஷத்து நூற்றுக்கு நூறு தேர்ச்சிச் சான்றிதழ்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. அதற்கு முந்தின வருஷம் தேர்ச்சி குறைந்ததற்காக மாவட்டக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரை எழுப்பி நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை அவர் மறக்கவே இல்லை. பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போகும் முன், டிசம்பரில், தேறுவார்களா என்று சந்தேகப்பட்ட பிள்ளைகளை அவரே சோதிப்பார். தேறாதவர்களின் பெற்றோரை அழைப்பார். அவர்கள் தாங்களாகவே பிள்ளையை நிறுத்திக்கொள்வதாக ஒரு கடிதம் கொடுப்பார்கள். பட்டியலில் பெயர் இருக்காது. பெயர் இல்லாதவர் தோற்க முடியாது.

அந்தக் கடிதங்களை எழுதுவது சங்கரி. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது உதவிதானே என்று முதல் வருஷம் நினைத்தாள். அப்புறம் நினைப்பதை விட்டுவிட்டாள். கை எழுதும்.

துர்காவின் முறை வந்தபோது வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தது. ராமலிங்கம் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். முதல் சொல் 'வேலை'.

சங்கரி கதவோரம் நின்றிருந்தாள். அந்தச் சொல் அட்டையில் இருந்த சொல்தான். துர்கா அதை நூறு முறை படித்திருக்கிறாள். ஆனால் அச்சில் 'வே'க்கு முன்னால் ஒரு கொம்பு, 'லை'க்கு முன்னால் ஒரு கொம்பு, இரண்டும் எழுத்தை விட்டு விலகி, யாருக்கும் உறவில்லாதவை போலத் தனித்தனியாக நின்றன.

"ஏ... வ..." என்றாள் துர்கா. நிறுத்தினாள். "ஐ... ல."

பின் பெஞ்சிலிருந்து தினேஷ் மெல்ல, "ஐலசா" என்றான். வகுப்பே படகு இழுத்தது. ராமலிங்கம் அவர்களை அடக்கவில்லை. புத்தகத்தை மூடிச் சங்கரியிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து துர்காவுக்கு மொட்டு என்ற பெயர் போய் ஐலசா என்ற பெயர் வந்தது. அவள் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனாலும் இரண்டு பேர் சேர்ந்து துடுப்புப் போட்டார்கள்.

சங்கரி தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அந்தப் பெண் படிப்பாள், தன் கையால் எழுதினால் படிக்கிறாள், அச்சுக்கு மாற்ற ஒரு மாதம் போதும் என்று சொன்னாள். ராமலிங்கம் பொறுமையாகக் கேட்டார். கோபப்படுகிற மனிதர் இல்லை அவர். பட்டியல் வெள்ளிக்கிழமை போகிறது என்றார். அந்தப் பெண் போய் உட்கார்ந்து தோற்றால் அது அவளுக்கும் அசிங்கம்தானே, அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுதட்டுமே என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க மொட்டு கிளாஸ்ல மீதிப் பத்து பேரு இருக்காங்க இல்ல? அந்த கிளாஸ் அடுத்த வருஷமும் இருக்கணுமா வேணாமா, சொல்லுங்கம்மா."

பத்துப் பேர் என்று அவளும் எண்ணிப் பார்த்தாள். பத்து பெரிய எண். ஒன்று சின்ன எண். ஜூன் மாதமும் நினைவுக்கு வந்தது, அது வராமல் இருக்குமா? தாளை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதினாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், வழக்கமான அழகோடு எழுதினாள். அவளுக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

வியாழக்கிழமை காலை அர்ஜுனன் வந்தார். தோளில் துண்டு, விரல் நுனிகளில் பட்டின் சிவப்புச் சாயம். நாலாவது வரை படித்தவர், தன் பெயரைப் போடுவார், அதற்கு மேல் கிடையாது. துர்கா அவருக்குப் பின்னால் நின்றாள். சங்கரியை ராமலிங்கமே கூப்பிட்டு நிறுத்தி வைத்திருந்தார், சாட்சிக்கு ஒருவர் இருக்கட்டும் என்று.

பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை, வீட்டில் இருந்தபடி படித்துத் தனியாக எழுதட்டும், அதற்காக ஒரு கடிதம் என்று ராமலிங்கம் சொன்னார். அர்ஜுனன் மறுத்துப் பேசவில்லை. அவர் நெய்வது கோர்வைப் புடவை, உடலும் கரையும் தனித்தனி ஊடையில் ஓடுவது. நடுவில் ஒருவர் உட்கார, கரைக்கு இழை கொண்டுபோகும் தனி நாடா எறிய வலப்பக்கம் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல் அவர் அலைந்துகொண்டிருந்தார். ஆனாலும் தாளை வாங்கியவர் உடனே பேனாவை வாங்கவில்லை. மகளிடம் நீட்டினார்.

"இன்னா எழுதியிருக்குதுன்னு பாரும்மா."

ராமலிங்கம் சிரித்துவிட்டார். "அவ படிச்சு நீ கையெழுத்துப் போடறதுன்னா சாயங்காலம் ஆயிடும்பா."

துர்கா தாளை வாங்கினாள். பார்த்தாள். இறுகியிருந்த அவள் தோள் தளர்ந்து இறங்கியது. ஐந்து மாதமாக ஒவ்வொரு காலையும் சங்கரி பார்த்திருந்த இறக்கம் அது, பழகின அட்டையைப் பார்த்தால் வருவது. விரலைக்கூட வைக்காமல் படித்தாள்.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு. என் மகள் துர்காவுக்குப் படிப்பில் விருப்பம் இல்லாத காரணத்தாலும், வீட்டு வேலைக்கு அவள் தேவைப்படுவதாலும், இன்று முதல் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன். இதை நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி மனமுவந்து எழுதுகிறேன். இப்படிக்கு."

எங்கும் தட்டவில்லை. 'வேலைக்கு' என்ற இடத்திலும் தட்டவில்லை. 'மனமுவந்து' என்ற சொல் எந்த அட்டையிலும் இருந்ததில்லை, அதையும் தானே கூட்டிப் படித்துவிட்டாள். ஒரு பிள்ளை முதன்முதலாகத் தெரியாத சொல்லைத் தானே படிக்கிற நிமிஷத்துக்காக ஒரு ஆசிரியை வருஷக் கணக்கில் காத்திருக்கலாம். சங்கரிக்கு அது அப்போது, அந்த அறையில் கிடைத்தது.

"படிச்சிட்டா சார்," என்றாள் சங்கரி.

ராமலிங்கம் தலையாட்டினார். "நல்லாத்தான் படிக்குது. ஆனா பரீட்சைப் பேப்பர் உங்க கையெழுத்துல வராதேம்மா."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

துர்கா தாளைத் தாழ்த்தி அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபமும் இல்லை. முதன்முதலில் கொம்பைப் பற்றிக் கேட்டாளே, அந்த முகம். முன்னால் நிற்பது பின்னால் ஏன் ஒலிக்கிறது என்று புரியாத முகம். அப்புறம் அப்பாவிடம் சொன்னாள்.

"இது நம்ம டீச்சர் எழுத்துப்பா."

அர்ஜுனனுக்கு முகம் தெளிந்தது. மகள் வீட்டில் அட்டைகளைப் பரப்பி வைத்துப் படித்துக்காட்டியதை அவர் தறியில் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறார். அந்த டீச்சரைப் பற்றி அவருக்குத் தெரியும்.

"நீங்க எழுதினதா டீச்சர்?" என்றார். "அப்போ சரியாத்தான் இருக்கும்."

பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டார்.

மார்ச்சில் மொட்டு கிளாஸிலிருந்து மூன்று பேர் தேர்வு எழுதினார்கள், மூன்று பேரும் தேறினார்கள். பள்ளிக்கு ஐந்தாவது சட்டம் வந்தது. வாசலில் பேனர் கட்டினார்கள். விழாவில் ராமலிங்கம் மெல்ல மலரும் மாணவர்களையும் மலரவைத்தவர் என்று சங்கரிக்குப் பொன்னாடை போர்த்தினார். தினேஷும் தேறியிருந்தான், கைதட்டினான்.

அதற்கு முன்பே, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரி தனித்தேர்வு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போயிருந்தாள். துர்கா தறியின் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. அப்பா கால் மிதியை நிறுத்தியபோதுதான் அவள் கையும் நின்றது. சங்கரி நீட்டிய படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"அச்சுல இருக்குது டீச்சர். எனக்கு வராது."

நக்கல் இல்லை அதில். உள்ளதைச் சொன்னாள். நான் படித்துக் காட்டுகிறேன் என்று சங்கரி சொன்னபோது அர்ஜுனன் மிதியை அழுத்திவிட்டார், நாடா போய்விட்டது. படிவத்தைப் பாவின் மேல் வைக்கக் கூடாது என்று ஜன்னலில் செருகிவிட்டு வந்தாள். அது நிரப்பப்படவில்லை.

அந்த வருஷத்திலிருந்து ராமலிங்கம் கடிதங்களைச் சங்கரியிடம் கொடுப்பதில்லை. பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மொத்தமாகக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்துக்கொண்டார். இனி எந்தப் பிள்ளையும் அவர் அறையில் நின்று அதை வாய்விட்டுப் படிக்காது என்பது அவருக்கு நிச்சயம். சங்கரிக்கு ஒரு வேலை குறைந்தது.

ஜூனில் அவளுக்கு வேலை நீட்டிக்கப்பட்டது. மொட்டு கிளாஸும் இருந்தது. புதிதாக வந்தவர்களில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பெயர் ரேவதி. முகத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்தது, கேட்க வேண்டியிருக்கவில்லை. சங்கரி பையிலிருந்து அட்டைக் கட்டை எடுத்து அவிழ்த்தாள். முதல் அட்டையை நீட்டினாள்.

ரேவதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அட்டை வேணாம் டீச்சர். புக்குலயே சொல்லிக் குடுங்க."

"ஏம்மா?"

"உங்க கையெழுத்து மட்டும் கத்துக்காதன்னு அக்கா சொல்லி அனுப்பிச்சா."

மற்ற பிள்ளைகளுக்கு அது புரியவில்லை. சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த ஒருவன் வழக்கம்போல, "இன்னா மொட்டு," என்று ஆரம்பித்தான். சங்கரி எழுந்து விரட்டவில்லை. அட்டைகளைக் கட்டிப் பைக்குள் வைத்தாள். புத்தகத்தைப் பிரித்து மணல்மேல் வைத்தாள்.

ரேவதி முதல் சொல்லில் விரலை வைத்தாள். கொம்பில் வந்து நின்றாள். அதைத் தாண்டிப் போனாள், மறுபடி திரும்பி வந்தாள், நின்றாள். நெற்றியில் வியர்த்தது. ஒரே ஒருமுறை, இதோ இப்படி என்று ஒட்டி எழுதிக் காட்டினால் போதும், அடுத்த நிமிஷம் அந்த முகம் மலர்ந்துவிடும். சங்கரியின் கை மார்க்கரைத் தேடிப் பையருகே போயிற்று. அந்தக் கையை இழுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.